தண்ணீருக்கு அடியில் ஒன்றேகால் காணி

பாகூருக்குக் கிழக்கே, கடலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், சர்க்கார் வேலி போட்டுப் பறவைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஓர் உப்பங்கழி உண்டு. அது ஒரு காலத்தில் நெல் வயல் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பத் தயங்குவார்கள். நாரை நிற்கிற இடத்தை நாரைக்காகவே படைத்தது என்று எண்ணிக்கொள்வது மனிதர்களுக்கு எளிது. அந்தத் தண்ணீர் அங்கே வந்தது ஒரு மண்வெட்டியால். அந்த மண்வெட்டியைப் பிடித்திருந்தவன் கண்ணையன்.

அவன் பிறந்தது கரிக்கலாம்பாக்கத்தில், மூன்று அண்ணன்களுக்குப் பின்னால். அப்பன் விட்டுப்போன நிலம் அண்ணன்களுக்கே போதவில்லை. இவன் பங்குக்கு ஒரு கிழட்டு எருது வந்தது. அதையும், குருவிநத்தத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி விருத்தாம்பாளையும் ஓட்டிக்கொண்டு அவன் கடலோரத்துக்கு வந்தது 1924ஆம் வருஷம். ஆற்று வண்டலில் வளர்ந்தவள் விருத்தாம்பாள். அவள் ஊரில் ஊன்றுகோலை நட்டாலும் தழைக்கும் என்பாள். இங்கே வந்து முதல் நாள் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

அப்போது அந்த இடம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கடலை ஒட்டி ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மணல்மேடு. கடல் பார்த்த பக்கத்தில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும், மேட்டின் தலையில் தாழம்புதர். புதருக்குள் நரி குட்டி போடும். தை, மாசியில் ஆமைகள் மேட்டடியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். மறுநாள் காலையில் நரியும் மனிதரும் போட்டி போட்டுத் தோண்டுவார்கள். மேட்டுக்கு உட்பக்கம் பள்ளம். மேற்கே உள்ள ஏரிகளில் மிஞ்சிய மழைத் தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். கோடையில் வற்றி, மண் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். உமரிச்செடியைத் தவிர ஒன்றும் முளைக்காது.

களர் தரிசு என்று எழுதப்பட்டிருந்த அந்தப் பள்ளத்தைத் திருத்த ஆள் தேடி, பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் என்ற ஊராட்சி அலுவலகம் தமுக்கு அடித்துச் சொல்லியிருந்தது. யார் திருத்துகிறார்களோ, அவர்கள் ஐந்து வருஷம் இடைவிடாமல் விளைச்சல் காட்டினால் நிலம் அவர்களுக்கே. நடுவில் ஒரு வருஷம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நாற்பது குடும்பங்கள் வந்தன. கண்ணையனுக்கு அளந்து விட்டது ஒன்றேகால் காணி.

உப்பை மண்ணிலிருந்து வெளியேற்றுவதற்கு ஒரே வழி மழை. நான்கு பக்கமும் வரப்புப் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி, உழுது கலக்கி, சேறு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடிகாலில் இறக்கிவிட வேண்டும். மறுபடி தேக்க வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். கண்ணையன் இரண்டு வருஷம் இதையே செய்தான். கொழிஞ்சியும் எருக்கும் வெட்டிப் போட்டு மிதித்தான். எருது செத்தது. அதன் இடத்தில் விருத்தாம்பாள் சேற்றைச் சமன்செய்யும் பரம்பின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மூன்றாம் வருஷம், களரைச் சகித்துக்கொள்கிற ஒரு சிவப்பு நெல்லை விதைத்தான். பாதி பதர். மீதிப் பாதி நெல்தான்.

தை மாதம் வில்லியனூரிலிருந்து மரியசுந்தரம் வந்தார். கொம்யூனில் எழுத்து வேலை பார்ப்பவர். பங்குக் கோயில் பூசைக்குத் தவறாதவர். சர்க்கார் ஆட்களை அந்தப் பக்கத்தில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள், தமிழராக இருந்தாலும். வரப்பில் குடையை ஊன்றி நின்று, கதிரை உள்ளங்கையில் கசக்கிப் பார்த்து, ஏட்டில் ஒரு கோடு இழுத்தார். அடுத்த வருஷமும் வந்தார். 1930 தையில் நான்காவது கோடு விழுந்தது.

கண்ணையனை நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன். உழைப்பாளி, அது வேறு. பள்ளத்தில் பூநாரை இறங்கினால் கவண்கல் எறிவான். வரப்பில் நண்டு வளை கண்டால் எருக்கம்பாலை ஊற்றுவான். பக்கத்து நிலத்துக்காரன் காய்ச்சலில் கிடந்தபோது அவன் மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான் என்றும் ஒரு பேச்சு உண்டு. தனக்கென்று ஒன்று கிடைக்கப்போகிறது என்கிற நினைப்பு மனிதனைத் திறமைசாலி ஆக்கும்; விசாலமாக்கும் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் வருஷம் வந்தது.

அந்தப் பள்ளத்துக்கு ஒரு முறை உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் பெருகினால் அது தெற்கே அரை மைல் ஓடி ஒரு முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். கோடையில் அலை மண்ணைக் கொண்டுவந்து அந்த முகத்தை மூடிவிடும். ஐப்பசியில் குடியானவர்கள் போய் வெட்டித் திறப்பார்கள். ஆனால் கடைசி மூன்று முழ மண்ணைக் குடியானவன் தொடக் கூடாது. மீன்பிடிக் குப்பத்து ஆள் ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அஷ்டமி நாளில், கடலுக்கு வேகம் குறைந்திருக்கும்போது, தண்ணீர் பின்வாங்குகிற நேரம் பார்த்து அவர்தான் அந்த மண்ணைத் தள்ளுவார். அறுப்பில் முதல் கட்டு அவருக்கு. கண்ணையன் காலத்தில் அந்த ஆள் சிங்காரவேலு. கட்டுமரக்காரர், அறுபதைத் தொட்டவர், பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இதில் ஒரு சங்கடம். பள்ளம் பிரெஞ்சு மண்; முகத்துவாரம் இங்கிலீஷ் மண். அந்தப் பிரதேசத்தில் எல்லை அப்படித்தான், ஒருவன் வயல் ஒரு ராஜ்யத்திலும் களத்துமேடு இன்னொரு ராஜ்யத்திலும் இருக்கும். அதுவரை அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. 1930 சித்திரையில் இங்கிலீஷ் எல்லையில் ஜனங்கள் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்து அடிவாங்கினார்கள். அன்றிலிருந்து கரையில் காவல். அந்த வருஷம் ஐப்பசியில் மழையும் இல்லாததால் முகத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கார்த்திகையில் மழை மொத்தமாக வந்தது. எட்டு நாள் விடவில்லை. பள்ளம் நிரம்பி, தொண்டைக்கதிராக, கதிர் வெளியே தலைகாட்டும் பருவத்தில் நின்ற பயிர் முழுகியது. பதினாலு பேர் மண்வெட்டியோடு முகத்துவாரத்துக்குப் போனார்கள். காவல்காரர்கள் வழி மறித்தார்கள். கடற்கரையில் மண்வெட்டிக்கு என்ன வேலை, உப்பு வாரத்தானே என்று கேட்டார்கள். விளக்கம் சொல்லப்போனவனுக்கு முழங்கையில் தடி விழுந்தது. திரும்பிவிட்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் கண்ணையன் நின்று, தங்கள் பள்ளத்துக்கு நேர் கிழக்கே நின்ற மணல்மேட்டைக் காட்டினான். இது பிரெஞ்சு மண்தானே, இதை வெட்டினால் எவன் கேட்பான் என்றான். பதின்மூன்று பேரும் மேட்டைப் பார்த்தார்கள். அத்தனை வருஷமும் கண்முன்னால் இருந்தது அப்போதுதான் அவர்களுக்கு வழியாகத் தெரிந்தது.

குப்பத்துக்குப் போய்ச் சிங்காரவேலுவைக் கேட்டார்கள். அவர் வலையைத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"அங்க மொகம் தானா மூடிக்கும் கண்ணையா. தெக்கேருந்து வர்ற மண்ணு அங்கதான் வந்து குந்தும். இங்க குந்தாது. தாழ வேரு புடிச்சிக்கினு இருக்கறதாலதான் மேடு நிக்குது. அத்த அறுத்துட்டா, கடல வூட்டுக்குள்ள வான்னு கூப்டாப்பல."

"எத்தினி நாளு பொறுக்கணும்ன்ற?"

"இன்னிக்கு ஏகாதசி. பவுர்ணமி கழியணும். அஷ்டமின்னா பன்னெண்டு நாளு. அதுக்குள்ள அந்தக் காவக்காரன் கையில கால்ல வுழுந்து பழைய எடத்துலயே வெட்டலாம்."

"பன்னெண்டு நாள்ல பயிரு அழுவிப்பூடும்."

"அப்ப அழுவட்டும்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் கண்ணையனுக்குப் பொறுக்கவில்லை. கட்டுமரக்காரனுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே திரும்பினான். கடலைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று அடுப்புக்கு முன்னால் விருத்தாம்பாள் பேச்சை எடுத்தாள்.

"அழுவுனா அழுவட்டும்யா. அடுத்த வருஷம் மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணுவோம்."

"எனக்கு நாப்பது ஆவுது."

"எனக்கு இன்னா, எறங்கிக்கினா வருது?"

"நீ எருதுக்குப் பதிலா இழுத்தியே, அது மறந்து பூட்டுச்சா?"

"நான்தான இழுத்தேன். மறுபடி இழுக்கறேன்றேன்."

அவள் இன்னொரு ஐந்து வருஷம் இழுப்பதை அவனால் பார்க்க முடியாது என்பது அவன் மனத்தில் இருந்திருக்கலாம். ஒரே ஒரு கோடு பாக்கி என்பதும் இருந்தது. எது எவ்வளவு என்று அவனாலேயே பிரித்திருக்க முடியாது.

மறுநாள் விடிந்ததும் நாற்பது குடும்பத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தாழையை வெட்டினார்கள். வேர் கை தடிமனில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது, கோடரிதான் ஏறியது. புதருக்குள்ளிருந்து இரண்டு நரிகள் ஓடின, எல்லோரும் கூவிச் சிரித்தார்கள். வேருக்குக் கீழே மணல் சலித்தெடுத்த மாவு போல இருந்தது. ஒருவன், இவ்வளவு லேசாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டான். நண்பகலுக்கு முன் வாய்க்கால் கடல் பக்கம் மூன்று முழம் மிச்சம் வரைக்கும் போய்விட்டது. எல்லோரும் சிங்காரவேலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தூரத்தில் தம் கட்டுமரத்தின் மேல், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

கடைசி மூன்று முழத்தைக் கண்ணையன் வெட்டினான். வேறு யாரும் முன்வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் வழிந்தது. ஒரு நாழிகையில் ஓர் ஆள் தாண்டுகிற அகலம். பிறகு கரை பாளம் பாளமாக விழத் தொடங்கியது. தாழம்புதர்கள் நின்றவாக்கில் சரிந்து மிதந்துபோயின. பொழுது சாய்வதற்குள் பயிரின் நுனி வெளியே தெரிந்தது. ஜனங்கள் வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுக்கொண்டார்கள். கண்ணையன் மூளைக்காரன் என்று ஒரு கிழவர் அவன் முதுகைத் தட்டினார். அவன் தன் வயலில் இறங்கி, சேறு படிந்த கதிரை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் பவுர்ணமி. கார்த்திகைத் தீபத்துக்கு அகல் கழுவிக்கொண்டிருந்த விருத்தாம்பாள்தான் முதலில் பார்த்தாள். வாய்க்காலில் தண்ணீர் தப்புப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அலையும் இல்லை, இரைச்சலும் இல்லை. வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ள, கடல் வெட்டிய வழியில் நடந்து உள்ளே வந்தது. வரப்பு வரப்பாக ஏறியது. கண்ணையன் ஓடிப்போய், குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தான். ஏழு வருஷமாக வெளியேற்றியது எல்லாம் ஒரு நாழிகையில் திரும்பி வந்திருந்தது.

தண்ணீர் திரும்பப் போகும்போது மேட்டை இன்னும் கொஞ்சம் கொண்டுபோயிற்று. அடுத்த கடல் ஏற்றத்துக்கு அகலமான வழி கிடைத்தது. பனைமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். வைக்கோல் புரியும் மணலுமாக அடைத்தார்கள். எட்டு நாள் இரவு பகல் பார்க்காமல் செய்தார்கள். அமாவாசை ஏற்றத்தில் பனைமரங்கள் குச்சி போலப் புரண்டு போயின. அந்த வேலைக்குச் சிங்காரவேலுவும் குப்பத்து ஆட்களும் வந்து கைகொடுத்தார்கள். நான் அப்போதே சொன்னேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கண்ணையனுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மார்கழிக்குள் பயிர் வெந்தது போல் வெளுத்தது. ஊர்க் கிணறு உப்புக் கரித்தது. அந்த நாட்களில் ஒரு மாற்றம் நடந்தது. "மேட்டை வெட்டினோம்" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் "கண்ணையன் வெட்டினான்" என்று பேசத் தொடங்கினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கடைசி மூன்று முழம் அவன் வெட்டியதுதான். நாற்பது குடும்பம் சேர்ந்து செய்த காரியத்தின் பழியை மூன்று முழத்தில் அடக்கிவிடலாம் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. முதுகைத் தட்டிய கிழவர் அவன் எதிரே வந்தால் வழி மாறிப் போனார்.

தை பிறந்து மரியசுந்தரம் வந்தார். வரப்பு தெரியாததால் குடையை ஊன்ற இடமில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றார். கண்ணையன் பக்கத்தில் போய் நின்று, இந்த வருஷம் கோடு வேண்டாம் என்று தானே சொன்னான். ஒன்றிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், அடுத்த மழைக்கு அடைத்துவிட்டுக் கழுவ ஆரம்பிக்கிறேன் என்றான். அதைச் சொல்ல அவன் ஒரு மாதம் தன்னைத் தயார்செய்துகொண்டிருந்தான்.

மரியசுந்தரம் ஏட்டைத் திறக்கவில்லை.

"கண்ணையா, ஒண்ணுலேருந்தும் எண்ண முடியாதுப்பா."

"ஏன் முசே?"

"கடல் ஏத்தம் எது வரைக்கும் வந்து மூடுதோ, அதுவரைக்கும் கரைன்னு சட்டம். கரை சர்க்காருது. அத்த யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது. விக்க முடியாது, வாங்க முடியாது. கவர்னரே நெனைச்சாலும் முடியாது."

"இது கரை இல்லீங்க, என் வயலு. கால வச்சுப் பாருங்க, அடியில வரப்பு இருக்குது."

"இருக்கும்ப்பா. நான் நாலு வருஷம் அதுமேலதான நின்னேன்."

"அப்ப அடைச்சிட்டா?"

"சர்க்கார் எடத்துல மண்ணு போட்டா அது குத்தம். நீ போட்டு வக்காத. நான் வந்து ஒன் பேர எழுத வேண்டியிருக்கும்."

மரியசுந்தரம் கெட்ட மனிதர் இல்லை. அந்தச் சட்டத்தை அவர் உண்டாக்கவும் இல்லை. யாருக்கும் சொந்தமாகாத ஓர் இடம் பூமியில் இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு தேசத்தில் சிலர் யோசித்து எழுதியது அது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயமும் தெரிகிறது. பின்னால் அந்தக் கழியை யாரும் மனையாகப் போட்டு விற்க முடியாமல் போனதற்கும், பறவைகளுக்கு என்று அது மிஞ்சியதற்கும் அதுதான் காரணம். ஆனால் தண்ணீர் ஓரத்தில் நின்றவனுக்கு அந்த நியாயம் எந்த விதத்திலும் உதவாது.

குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. சிலர் புதுச்சேரி பஞ்சாலைக்கு, சிலர் கடலூர் துறைமுகத்துக்கு. அண்ணன்கள் ஆள் அனுப்பியும் கண்ணையன் போகவில்லை. எல்லோரும் போன பிறகு தனியாக மூன்று கோடை அவன் மணல் சுமந்து கொட்டினான். ஒரு கோடையில் மரியசுந்தரம் வந்து பெயரை எழுதினார். எட்டு நாள் சிறையில் இருந்துவிட்டு வந்து மறுபடி கொட்டினான். கடல் அதை ஒரே இரவில் எடுத்துக்கொள்ளும். நான்காம் கோடையில் நிறுத்திவிட்டான். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

வயலில் உமரி வந்தது. பின்னே தண்ணீரில் கால் ஊன்றி வளர்கிற செடிகள், எங்கிருந்தோ விதை மிதந்து வந்து முளைத்தன. இறால் வந்தது, இறாலைத் தேடி மீன், மீனைத் தேடிக் கொக்கும் நாரையும் கூட்டம் கூட்டமாக. கவண்கல் எறிய ஆள் இல்லாததால் பூநாரைகள் மாதக்கணக்கில் தங்கின. நெல் இருந்தபோது நாற்பது குடும்பத்துக்கு அரைவயிறு போட்ட பள்ளம், இப்போது எண்ண முடியாத உயிர்களுக்கு முழு வயிறு போட்டது. இதை லாபம் என்று சொல்வதா நஷ்டம் என்று சொல்வதா என்பது யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

விருத்தாம்பாள் குப்பத்துப் பெண்களோடு சேர்ந்து கழியில் இறங்கினாள். ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீர் கழுத்தைத் தொடும்படி குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் வேலை. அதில்தான் இருவரும் பிழைத்தார்கள். கண்ணையன் அந்த இறாலைத் தொடமாட்டான். கஞ்சியை உப்புப் போடாமல் குடித்துவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்திருப்பான். அவளும் வற்புறுத்தவில்லை. அந்தச் சேற்றை அவள் கையும் அறியும்.

1943இல் யுத்தத்தினால் அரிசி வருவது நின்றது. குப்பத்துப் பெண்கள் பழக்கமில்லாத இடங்களுக்கும் துழாவிக்கொண்டு போனார்கள். மாசி மாதம் ஒரு காலையில் சிங்காரவேலுவின் மருமகள் கஸ்தூரி, நின்றிருந்த இடத்தில் சட்டென்று காணாமல் போனாள். பக்கத்தில் இருந்த விருத்தாம்பாள் முடியைப் பிடித்துத் தூக்கினாள். பெண்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள். இனி அந்தப் பக்கம் போவதில்லை என்றார்கள். அந்தப் பக்கத்தில்தான் இறால் இருந்தது. அதைப் பிடிக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

கரையில் உட்கார்ந்திருந்த கண்ணையன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். மணல் கொட்டுவதை நிறுத்திய பிறகு முதல் தடவையாகத் தண்ணீரில் இறங்கினான். கஸ்தூரி விழுந்தது அவன் வெட்டிய வடிகால். அதன் இருபுறமும் வரப்பு இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். காலால் தடவிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் நின்றான். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியிருந்தது. வரப்பின் மேல் ஏறியிருந்தான்.

கரையிலிருந்து சிங்காரவேலு பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியும் நாக்கு மாறவில்லை.

"இன்னா கண்ணையா, அறுப்புக்கா?"

கண்ணையன் விருத்தாம்பாளைக் கூப்பிட்டு, தன் முதுகுக்கு நேர் பின்னால் வரச் சொன்னான். அவளுக்குப் பின்னால் கஸ்தூரி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். வரிசையாக, தண்ணீருக்குள் இருந்த வரப்பின் மேல் மெதுவாக நடந்தார்கள். மடை இருந்த இடத்தில் கையை நீட்டி, இங்கே தாண்டிக் கால் வை என்று சொன்னான். நாரைகள் கொஞ்சம் விலகி நின்றுகொண்டன.

நாலு பக்கமும் போய், கடல் பார்த்த மூலையில் அவன் நின்றான். அதற்கு அப்பால் தண்ணீர் அதே நிறத்தில், அதே மட்டத்தில் பரந்து கிடந்தது. பெண்கள் இன்னும் போகலாமா என்று கேட்டார்கள். அவன் காலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான்.

"போதும், திரும்புங்க. இதுக்கு அந்தாண்ட நம்முளுது இல்ல."